பின்னாலிருந்து எடுக்காத படம்

ஆவணி 3, திங்கள் என்று தேதியிட்ட பக்கத்தில் என் நோட்டில் இப்படி இருக்கிறது: "காலை 5.40. ஊருணி. மூட்டம், காற்று இல்லை. ஒரு சுற்று முடித்து வடகரையில் பாதி. இடது முட்டி. நின்றுவிட்டாள். மீதி நடை."

நின்றவள் என் தம்பி மனைவி. தம்பி மஞ்சள் காமாலையில் போய் அன்றைக்கு மூன்று வருடமும் பதினோரு வாரமும் ஆகியிருந்தன. அவள் காவலர் பணிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். ஒரே ஒரு முறைதான் ஓடலாம். தாண்டுதலும் எறிதலும் அதில் தேறியவர்களுக்குத்தான். கணவனை இழந்தவர்களுக்கு வயதில் தரும் சலுகையைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மறு அறிவிப்பு வருவதற்குள் அந்த வயதும் தாண்டிவிடும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் காரைக்குடிக்கு வெளியே வயலை ஒட்டிய வீட்டில் இருக்கிறார்கள். தம்பி மனைவியும் அவள் மகளும் அவர்களோடு இருந்தார்கள். அப்பா அவளை வேலைக்குப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இங்க என்ன கொறை?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு மருமகள் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. குறை எதுவும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மகளுக்கு ஒரு பென்சில் டப்பா வேண்டுமென்றாலும் மாமனாரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அவள் என்னிடம் இதைச் சொன்னதில்லை. நானாகப் பார்த்ததுதான்.

நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். அஞ்சலகத்தில் வேலை. காலையில் போனதும் முத்திரையின் தேதியைத் திருப்பி வைப்பது என் முதல் காரியம். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் எதையும் தேதி போடாமல் எழுத வராது. ஊருணியில் தண்ணீர் எந்தப் படிவரை நின்றது, மாம்பழம் கடைக்கு என்றைக்கு வந்தது, எந்தப் புத்தகத்தை எந்த நாளில் முடித்தேன் என்று வருடத்துக்கு ஒரு நோட்டு நிரம்பும். ஆகவே அவள் ஓட ஆரம்பித்தபோது நேரம் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது இயல்பே. ஊருணிக் கரையை முப்பது மீட்டர் டேப்பால் இரண்டு முறை அளந்தேன். ஒரு முழுச் சுற்று, அதற்குமேல் வடகரையில் வேப்பமரம் வரை போனால் நானூறு மீட்டர். வேப்பமரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். நோட்டில் ஓட்டத்தின் முழு நேரத்தையும் எழுதுவதில்லை. குறித்த நேரத்துக்கு எத்தனை நொடி கூடுதல், எத்தனை நொடி குறைவு என்று மட்டும் எழுதுவேன். ஆவணி முதல் வாரத்தில் அவளால் வேப்பமரம் வரை ஓடவே முடியவில்லை என்பதால் அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது.

முட்டிக்கு என்னவெல்லாமோ போட்டுப் பார்த்தோம். தைலம், சூடான உப்பு ஒத்தடம், மருந்துக் கடையில் விற்கும் முட்டிப்பட்டை. கரையில் நடக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், தினமும் நாலு சுற்று நடப்பவர், அவளைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு இடுப்பு அகலம், ஓடினால் முட்டி போகத்தான் செய்யும், கடவுள் அப்படிப் படைத்திருக்கிறார் என்று எனக்கு விளக்கினார். நானும் அதை எங்கோ படித்திருந்தேன். அதனால் மறுத்துப் பேசவில்லை.

ஆவணி 5, புதன் மாலை அவளை ஒரு பிசியோ டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்துக் கடைக்கு மாடியில் ஒற்றை அறை. டாக்டர் சிங்கம்புணரிப் பெண், நோயாளியைவிட வயதில் இளையவர். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றாள். வலப்பக்க இடுப்பு, யாரோ கீழே இருந்து இழுத்தது போல, இறங்கியது. பிறகு படுக்கையில் வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலே இருந்த இடது காலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, கணுக்காலில் கையை வைத்து அழுத்தினார். கால் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கீழே வந்துவிட்டது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் இரண்டு குடம் சுமக்கிறவளுடைய கால் அது.

வலிப்பது முட்டி, நீங்கள் இடுப்பைப் பார்க்கிறீர்களே என்று கேட்டேன்.

"முட்டி பாவம்க்கா," என்றார். "மேல இருக்க ஆபிசரு வேலை பாக்கல. கீழ இருக்க கிளார்க்கு திட்டு வாங்குறாரு."

அவர் விளக்கியதை அன்றிரவே எழுதி வைத்தேன். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இடுப்பின் பக்கவாட்டில் ஒரு தசை இருக்கிறது. ஓடும்போது எந்த நேரத்திலும் ஒரு கால்தான் தரையில் இருக்கும். அப்போது உடம்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தசை. அது பிடிக்காவிட்டால் இடுப்பு சரியும், தொடை உள்பக்கமாகத் திரும்பும், முட்டி மற்ற முட்டியைப் பார்த்து மடங்கும். ஒரு அடிக்கு இது ஒன்றும் இல்லை. நானூறு மீட்டரில் எத்தனை அடி என்று யோசித்தால் புரியும். இடுப்பு அகலம் பற்றி நான் படித்ததைச் சொன்னேன். அவர் அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படின்னா எல்லாப் பொம்பளைக்கும்ல வலிக்கணும்? அகலத்த மாத்த முடியாது. பலத்த மாத்தலாம்."

ஆறு வாரப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். தம்பி மனைவி படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என்னைத் திரும்ப அழைத்து இன்னொன்றும் சொன்னார்: அவள் ஓடுவதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புங்கள், பின்னாலிருந்து எடுங்கள், இடுப்பு தெரிய வேண்டும், முழங்கால் வரை தொங்குகிற டாப்ஸ் போட்டால் ஒன்றும் தெரியாது. நான் சரி என்றேன். நோட்டிலும் எழுதினேன்.

படம் எடுத்தேன். ஆனால் பக்கவாட்டிலிருந்து எடுத்தேன்.

அதற்கான காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்கு ஊருணிக் கரையில் முப்பது பேராவது இருப்பார்கள். பாதிப்பேர் எங்கள் உறவு, மீதிப்பேர் உறவுக்கு உறவு. கணவனைப் பறிகொடுத்த பெண் விடியற்காலையில் ஓடுவதையே அவர்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் நாத்தனார்க்காரி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு இடுப்பைப் படமெடுத்துக்கொண்டே போனால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். டாப்ஸைச் சுருக்கிக் கட்டு என்று அவளிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை. ஆகவே தென்கரையில் நின்று, அவள் குறுக்கே ஓடும்போது எடுத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. கை வீசுகிறாள், முதுகு நிமிர்ந்திருக்கிறது, முட்டி மேலே வருகிறது. டாக்டருக்கு அனுப்பினேன். இது போதாது, பின்பக்கம் வேண்டும் என்று பதில் வந்தது. அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். அனுப்பவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தோம். ஆவணி 6, வியாழன் முதல், ஞாயிறு தவிர எல்லா நாளும், மாலை அஞ்சலகம் விட்டு நான் வந்தபிறகு. முதலாவது, ஒருக்களித்துப் படுத்து, முதுகும் குதிகாலும் சுவரில் பட, மேல் காலைச் சுவரோடு உரசியபடி உயர்த்துவது. சுவர் இல்லாவிட்டால் கால் தானாக முன்னால் வந்துவிடும். அப்படி வந்தால் வேறு தசை வேலையைப் பார்த்துக்கொள்ளும், சோம்பேறித் தசை சோம்பேறியாகவே இருக்கும். அடுத்து, ஒருக்களித்தபடி முட்டிகளை மடக்கி, குதிகால்களை ஒட்டி வைத்துக்கொண்டு மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பது போல் திறப்பது. பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. பிறகு முட்டிக்கு மேல் ரப்பர் பட்டை மாட்டி, முற்றத்தைச் சுற்றி நண்டு போல் பக்கவாட்டில் நடப்பது. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒற்றைக் காலால் உட்கார்ந்து எழுவது. டாக்டர் கொடுத்த ரப்பர் பட்டை இரண்டாம் வாரம் அறுந்தது. சைக்கிள் டியூபை வெட்டி முடிந்து கொண்டோம். அது இன்னும் முரடு.

துணைக்கு நானும் செய்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. முதல் நாள் எட்டாவது தடவையில் இடுப்பின் பக்கத்தில் நெருப்பு வைத்தது போல் எரிந்தது. அந்த இடத்தில் எனக்கும் ஒரு தசை இருப்பது அன்றுதான் உறைத்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் பிரசவத்துக்கா பயிற்சி எடுக்கீக என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் நண்டு நடை நடக்கும் நேரத்தில் அப்பா முற்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

எண்ணிக்கையை நாள்தோறும் எழுதினேன். எட்டு பன்னிரண்டானது, பன்னிரண்டு இருபதானது. நான்காம் வாரம் அவள் கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்றபோது இடுப்பு சரியவில்லை. ஆறாம் வாரம் டாக்டர் கணுக்காலில் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், கால் இறங்கவில்லை. நாற்காலியில் ஒற்றைக் காலால் உட்கார்ந்து எழும்போது முட்டி நேராக, கால் விரலைப் பார்த்து நின்றது. நோட்டில் அந்தப் பக்கங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் எண்கள் ஏறியிருக்கின்றன.

அந்த ஆறு வாரமும் அவள் ஓடாமல் இல்லை. வலி வரும் வரை மெதுவாக ஓடி, வந்ததும் நிறுத்த டாக்டர் சொல்லியிருந்தார். பலம் முழுதாக ஏறட்டும், அப்புறம் வலி போய்விடும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

புரட்டாசி 14, திங்கள் அழைப்பு வந்தது. பக்கத்து மாவட்டத்து மைதானத்தில், ஐப்பசியில், காலை ஆறு மணிக்கு வர வேண்டும். கையில் நான்கு வாரம்கூட இல்லை.

புரட்டாசி 17, வியாழன் காலை முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். கிளம்பியவள் கிழக்குக் கரையை நன்றாகவே தாண்டினாள். ஒரு சுற்று முடிந்து வடகரையில் திரும்பியதும் ஓட்டத்தில் ஒரு நொண்டல் தெரிந்தது. நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பமரத்தைத் தொட்டாள். கைப்பேசியைப் பார்த்தேன். ஆறு நொடி கூடுதல்.

மரத்தடியில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அழவில்லை. மூச்சு அடங்கியபிறகு, "பத்தலயா மதினி? இன்னும் கூட்டிக்கிறவா? முப்பதாக்கிருவோமா?" என்று கேட்டாள்.

எதைக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு வாரத்துப் பக்கங்களையும் முதலிலிருந்து படித்தேன். எங்கோ ஒரு நாள் தவறவிட்டிருப்போம், ஏதோ ஒரு பயிற்சியைக் குறைத்திருப்போம் என்று தேடினேன். எல்லாம் சரியாக இருந்தன. ஆவணி 5 பக்கத்தின் அடியில் என் கையெழுத்தில், "படம், பின்னாலிருந்து. இடுப்பு தெரிய வேண்டும்" என்று இருந்தது. அடிக்கோடும் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். டாக்டர் இதை முதல் நாளே கேட்டார், கூச்சப்பட்டுக்கொண்டு நான்தான் உன்னிடம் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை என்று. அவள் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஆறு வாரமா மதினி?"

ஆமாம் என்றேன்.

"நா ஓடுறதே இவுக பார்வையிலருந்து தப்பிச்சுப் போகத்தான். எம் முதுகப் பாத்துட்டா மட்டும் புதுசா என்ன சொல்லீரப் போறாக?" என்றாள். சாயங்காலம் பயிற்சிக்கு வந்தாள், எண்ணிக்கையை அவளே எண்ணிக்கொண்டாள்.

புரட்டாசி 19 சனிக்கிழமை. புரட்டாசிச் சனி என்பதால் நடக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் விடியும் முன்பே அரியக்குடிப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். கரையில் ஆள் இல்லை. ஆள் இருந்திருந்தாலும் அன்று எடுக்கச் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் வாங்கிய பழைய டிராக் பேண்ட் போட்டு, டி-சர்ட்டை உள்ளே செருகியிருந்தாள். துப்பட்டாவை மடித்து இடுப்பெலும்பின் மேல் பட்டையாகச் சுற்றி இறுக்கினாள். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது போல, அந்தத் துப்பட்டா எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும் என்றாள். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

வடகரையில் அவளுக்குப் பின்னால் நின்று எடுத்தேன். படம் முப்பது நொடிகூட இல்லை. பார்த்ததும் டாக்டர் தேவையில்லை என்று தோன்றியது. இடது கால் தரையில் ஊன்றிய ஒவ்வொரு முறையும் துப்பட்டா வலப்பக்கம் சரிந்தது. இடது பாதம் உடம்பின் நடுவைத் தாண்டி வலது பாதம் விழும் இடத்துக்கே வந்து விழுந்தது. கயிற்றின் மேல் நடப்பவர்கள் வைப்பது போல் இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைத்து ஓடினாள். முட்டிகள் உரசின.

அன்று மாலை டாக்டர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"பலம் வந்துருச்சுக்கா. ஓட்டம் இன்னும் பழைய ஓட்டந்தான்," என்றார். நின்றுகொண்டு செய்வதை அவள் உடம்பு சரியாகச் செய்கிறது, கண்ணாடி முன் உட்கார்ந்து எழும்போதும் செய்கிறது. ஆனால் ஓடும்போது கால் தன் பழைய பழக்கத்தில் போகிறது. தசைக்கு வலு ஏற்றிவிட்டால் ஓட்டம் தானாக மாறிவிடும் என்பதில்லை, ஓட்டத்தை ஓடித்தான் மாற்ற வேண்டும். தானும் விடாமல் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று தன் பங்கையும் சொன்னார். பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பயிற்சியால் இடுப்பு வலுத்தும் ஓடும் விதம் மாறாமலே இருந்த பெண்கள் வேறு இடங்களிலும் உண்டு என்று தெரிந்தது. அந்த மாலையில் அது தெரியாது. மூன்று வாரம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

டாக்டர் சொன்ன வழி எளிது. தரையில் ஒரு கோடு. இடது கால் கோட்டுக்கு இடப்பக்கம், வலது கால் வலப்பக்கம் விழ வேண்டும். எந்தக் காலும் கோட்டில் படக்கூடாது. பாதம் சற்று அகன்று விழுந்தால் தொடை உள்ளே திரும்புவது குறையும். அடியையும் கொஞ்சம் குட்டையாக, அடிக்கடி வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வடகரையில் ஐம்பது மீட்டருக்குத் தேங்காய் நார்க்கயிற்றை இழுத்துக் கட்டினோம். இடது கால் நேராகப் போய்க் கயிற்றில் மிதித்தது. மறுபடி ஓடினாள், மறுபடி மிதித்தாள். காலைப் பார்த்து ஓடினால் வேகம் போயிற்று, நிமிர்ந்து ஓடினால் கயிறு மிதிபட்டது. கயிறும் அவிழ்ந்து காலில் சுற்றியது. கயிற்றை விட்டுவிட்டு ஏதாவது பொடியால் கோடு போடலாம் என்றேன். வீட்டில் வேறு பொடி இல்லை. புரட்டாசி 21, திங்கள் காலை ஒரு படி கோலமாவை எடுத்துக்கொண்டு போய், விரலிடுக்கில் விட்டபடி குனிந்தவாக்கில் ஐம்பது மீட்டருக்குக் கோடு இழுத்தேன். அதை முடிப்பதற்குள் என் இடுப்புத் தசைதான் புகார் சொன்னது.

அவள் ஓடினாள். கோட்டில் ஒரு அடிகூடப் படவில்லை.

தற்செயல் என்று நினைத்துத் திரும்ப ஓடச் சொன்னேன். இரண்டாவது முறையும் இல்லை. பின்னாலிருந்து எடுத்த படத்தில் துப்பட்டா கிட்டத்தட்ட மட்டமாக இருந்தது.

"கோலத்த மிதிக்கக் காலு வரமாட்டேங்குது மதினி," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. "கயித்த மிதிச்சா ஒண்ணுந் தோணல. இது மாவால்ல இருக்கு."

வாசலில் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போக எங்கள் வீடுகளில் நடை பழகும்போதே சொல்லித் தருவார்கள். முப்பது வருடமாக அவள் கால் யோசிக்காமலே அதைச் செய்துவந்திருக்கிறது. இடுப்பை நிமிர்த்து, முட்டியை வெளியே தள்ளு என்று நான் கத்தியதெல்லாம் அவளுக்கு ஓடும்போது நினைவில் நிற்கவில்லை. மாவை மிதிக்காதே என்பதை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, இனிமேல் எல்லோருக்கும் கோலமாவையே எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

நடக்க வந்தவர்களும் கோட்டை மிதிக்கவில்லை. ஒதுங்கி, மண் சரிவில் இறங்கி நடந்தார்கள். நடத்துநர் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யாரு வீட்டு விசேசம்?"

விசேஷம் இல்லை, ஓடுவதற்காகப் போட்டது என்றேன்.

"கோலம்னா ஒரு புள்ளி வேணாமா? ஒத்தக் கோட்ட இழுத்து விட்டுட்டு எங்களப் பள்ளத்துல நடக்க விட்டுட்டீக."

மறுநாள் முதல் அவர் எங்களுக்கு முன்பே வந்து, கோட்டுக்கு வெளியே நடக்கும்படி மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். இடுப்பு அகலம் பற்றிப் பிறகு பேசவில்லை.

முதல் வாரம் கோடு முழுதாக இருந்தது. இரண்டாம் வாரம் டாக்டர் சொன்னபடி ஐந்தடி கோடு, ஐந்தடி வெறும் தரை. பிறகு தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. போட்ட மாவு போட்ட மணி நேரத்தில் கரைந்தது, கோட்டைக் குறைக்கும் வேலையை மழையே செய்தது. ஐப்பசி 3 அன்று கோடே இல்லாமல், ஈரத்தரையில், குறித்த நேரத்துக்கு இரண்டு நொடி குறைவு. ஐப்பசி 6 அன்று நான்கு நொடி குறைவு. முட்டி பற்றி இரண்டு நாளும் எதுவும் எழுதியிருக்கவில்லை. வலி இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

கடைசி வாரத்தில் ஒரு சிக்கல். ஊருணியின் வடகிழக்கில் பிள்ளையார் கோவில் இருப்பதால் எல்லோரும் கரையை வலமாகத்தான் சுற்றுவோம். நாங்களும் இரண்டு மாதத்துக்கு மேலாக அப்படித்தான் ஓடியிருந்தோம். மைதானத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் போகும் என்பது எனக்குத் திடீரென்று உறைத்தது. நான்கு நாள் இடமாக ஓடினாள். எதிரே வந்த பெண்கள், "பிள்ளையாருக்குக் கோவம் வந்துறாதா, இங்குட்டு வந்து அங்குட்டுப் போறியே," என்றார்கள். வேலை கிடைத்ததும் நூற்றெட்டு சரியான சுற்று சுற்றிக் கழித்துவிடுவதாக அவள் ஓடிக்கொண்டே சொன்னாள்.

தேர்வு நாளில் மூன்றரை மணிக்குப் பேருந்து பிடித்தோம். ஐந்தரைக்கு மைதானத்து வாசலில் இருந்தோம். உடன் வந்தவர்கள் உள்ளே போகக்கூடாது, கைப்பேசியும் கூடாது. மதில் உயரம். உள்ளே விசில் சத்தமும் ஒலிபெருக்கியில் எண்களும் மட்டும் கேட்டன. பெண்கள் குழுக் குழுவாக ஓடியிருக்க வேண்டும். எந்த விசில் அவளுடையது என்று தெரியவில்லை. காளையார்கோவிலிலிருந்து மகளைக் கூட்டி வந்திருந்த ஓர் அம்மா, கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு யார் என்று கேட்டார். தம்பி மனைவி என்றேன். என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்துவிட்டு, நல்லாருங்க என்றார்.

ஒன்பது மணிக்குமேல் தேறாதவர்கள் முதலில் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. பதினொன்றே காலுக்கு வந்தாள். ஓட்டம் மட்டுமல்ல, தாண்டுதலும் எறிதலும் முடித்துவிட்டு வந்திருந்தாள். டி-சர்ட்டில் ஒட்டியிருந்த எண்ணைப் பிய்க்காமலே வந்தாள்.

"தாண்டிட்டேன் மதினி," என்றாள். "முட்டி வலிக்கல. அப்பறம் வலிச்சுச்சு, ஆனா ஓடயில வலிக்கல."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நானே கூட்டி வருகிறேன், அவசரப்பட வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

இறுதிப் பட்டியலில் அவள் எண் வந்தது. இதை எழுதும்போது அவள் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறாள். மகள் எங்கள் வீட்டில் இருந்து பள்ளிக்குப் போகிறாள். தம்பி மனைவி அங்கேயும் வாரம் இரண்டு நாள் இடுப்புப் பயிற்சியை விடாமல் செய்வதாகச் சொல்கிறாள். நான் இங்கே முற்றத்தில் தனியாகச் செய்கிறேன்.

ஒரு தகவல் மட்டும் எனக்கு உறுதியாகவில்லை. அன்று அவள் நானூறு மீட்டரை எத்தனை நொடியில் ஓடினாள்? அங்கே நேரத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை, தேறியதாக மட்டும் எழுதிக்கொண்டார்கள். தன் குழுவில் நான்காவதாக வந்ததாக அவள் சொல்கிறாள். அதே குழுவில் ஓடிய காளையார்கோவில் பெண், தம்பி மனைவி ஆறாவது என்றும், குறித்த நேரத்துக்கு ஒரே ஒரு நொடிதான் மீதி இருந்தது என்றும், கடிகாரம் வைத்திருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறாள். இரண்டில் எது சரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இதுவரை வழி கிடைக்கவில்லை.